நெல்லு ஆராய்ச்சியா, கேவுரு (கேழ்வரகு), சாமை ஆராய்ச்சியா? நம்ம வேலூர் ஏழைக்கு எது ஒதவும்

ஆராய்ச்சிப் பணம் பூரா நெல்லுக்கே போச்சுன்னு ஒரு கட்சி, அந்த நெல்லு வரலன்னா பட்டினிதான்னு இன்னொரு கட்சி. எனக்கு அணைக்கட்டு பக்கம், வீட்ல கெணத்துப் பாசனக் கழனியும் இருக்கு, மானாவாரி கொல்லையும் இருக்கு, அதனால ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்துடறேன்.

மொதல்ல நெல்லு. எங்க ஆயா காலத்து சம்பா அஞ்சாறு மாசம் கழனிய புடிச்சிகினு நிக்கும், ஒசரமான பயிரு, உரத்த கொஞ்சம் தூக்கலா போட்டா சாஞ்சிடும். 1966ல பிலிப்பைன்ஸ்ல இருந்து ஐஆர் 8 வந்துச்சு, குட்டை ரகம், சாயாது, மகசூல் கொட்டுச்சு, ஆனா சோறு ஆறுனா வெறச்சிடும், யாருக்கும் புடிக்கல. 1969ல வந்த ஐஆர் 20தான் நம்ம வீட்டு அரிசியாச்சு, அதோட தாய் தகப்பன்ல ஒண்ணு நம்ம திருவள்ளூர் பக்கத்து திரூர்குப்பத்துல உருவான டிகேஎம் 6, குருத்துப்பூச்சிய தாங்கற குணம் அங்க இருந்துதான் போச்சு. இப்ப கோ 51 மாதிரி ரகம் 105, 110 நாள்ல அறுப்புக்கு வந்துடுது, சொர்ணவாரி, சம்பா, நவரைன்னு கெணத்துல தண்ணி இருக்கறவன் ரெண்டு மூணு போகம் எடுக்கறான்.

இதுல பணக்காரன்தான் பொழச்சான்னு சொல்றவங்களுக்கு ஒரு விஷயம். 1973-74லயும் 1983-84லயும் நம்ம வேலூரு அப்ப இருந்த வடாற்காடு மாவட்டத்து கிராமங்கள்லயே வீடு வீடா சர்வே எடுத்தாங்க, அத வச்சு பீட்டர் ஹேசல், சி. ராமசாமின்னு ரெண்டு பொருளாதார ஆராய்ச்சிக்காரங்க போட்ட கணக்குல, ஆரம்பத்துல பின்தங்குன சின்ன விவசாயி அப்புறம் எட்டிப் புடிச்சிட்டான், நெலம் இல்லாத கூலிக்காரங்க வருமானமும் நல்லாவே ஏறிச்சு. விவசாயத்துல ஒரு ரூபா கூடுனா கடை, வண்டி, தையல்னு மத்த தொழில்ல இன்னும் 87 பைசா கூடிச்சாம். இத லேசா எடுத்துக்காதீங்க. அரிசி மலிஞ்சா மொதல்ல பொழைக்கறவன் அரிசிய காசு குடுத்து வாங்கறவன்தான், 2011ல இருந்து ரேஷன்ல வெலயில்லாம அரிசி போட முடியுதுன்னா அதுக்கும் கழனில அவ்ளோ வெளையணும் இல்லையா.

ஆனா இது எல்லாமே தண்ணிய நம்பி நிக்குது. பாலாறு வருஷத்துல பாதி நாள் மணலாதான் கெடக்கு, எங்க கெணறும் வத்தி போர் போட்டாச்சு. போர் போட வழி இல்லாதவன் கிட்ட கோ 51 வெதைய குடுத்து என்ன பிரயோஜனம்?

அவன் கொல்லைல நிக்கறது கேவுரும் மல்லாட்டையும் (வேர்க்கடலை). மல்லாட்டை காசுப் பயிரு, அத விட்டுடறேன். கேவுருல குலை நோய் தாங்கற ரகங்கள் வந்துச்சு, கோ 15ம் வந்துச்சு, மழை கொஞ்சம் ஏமாத்துனாலும் களிக்கு மாவு வந்துடும். 2023ல நீலகிரி, தர்மபுரி ரேஷன்ல 2 கிலோ கேவுரு குடுக்க ஆரம்பிச்சாங்க, அது நம்ம பக்கமும் வந்தா வெளைவிக்கறவனுக்கு ஒரு தைரியம் இருக்கும்.

சாமை கதைதான் மனச அறுக்குது. பீஞ்சமந்தை மாதிரி மலை ஊருங்கள்ல அதான் பயிரு. திருவண்ணாமலை அத்தியந்தல் சிறுதானிய மையம் ஏடிஎல் 1னு நல்ல சாமை ரகம் குடுத்துருக்கு, சரி, ஆனா வெளைஞ்சப்புறம்? மணிய உள்ளங்கைல வச்சு பாருங்க, கடுகாட்டம் சின்னது, மேல வழவழன்னு கெட்டி உமி. உரல்ல போட்டு குத்தி, மொறத்துல பொடைச்சி, திரும்ப குத்தி, ஒரு வேளை சோத்துக்கு ஒரு பொம்பளைக்கு தோள்பட்டை கழண்டுடும். அதனால உமியோடவே மூட்டைய வியாபாரிக்கு தள்ளிடறாங்க, அவன் மிஷின்ல தீட்டி டவுன்ல விக்கற வெலை வேற. நெல்லுக்கு ஊருக்கு ஊரு ரைஸ் மில்லு வந்த மாதிரி மலைக்கு சாமை தீட்டற சின்ன மிஷின் வந்தா அந்த லாபம் மலைலயே தங்கும்.

அதனால என் ஓட்டு இப்படி: இதுவரைக்கும் ஏழ்மைய கொறச்சதுல நெல்லு ஆராய்ச்சிதான் ஜெயிச்சுது, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. இனிமே போடற பணம் கொல்லைக்கும் மலைக்கும் போகட்டும், வெதையோட நிக்காம உமி நீக்கற மிஷின் வரைக்கும். நெல்லுல இன்னும் செய்யணும்னா தண்ணி கம்மியா குடிக்கற ரகத்துக்கு செய்யுங்க.