செயலியா, பாயிண்ட் கருவியா?

சேலத்தில் மரவள்ளிக்கிழங்கை வைத்து ஸ்டார்ட்அப் தொடங்குபவர்களுக்கு முதலில் தோன்றுவது விவசாயியை ஆலையோடு இணைக்கும் விற்பனைச் செயலிதான். செய்வது எளிது. ஆனால் ஆத்தூர் விவசாயிக்குக் கிழங்கை வாங்கும் ஜவ்வரிசி ஆலை எங்கே என்று தெரியாதா? ஒரு போன் போதும்.

இன்னொன்று, வயலிலேயே மாவுச்சத்தை அளக்கும் கருவி. கிழங்கின் விலை எடையோடு பாயிண்டையும், அதாவது மாவுச்சத்தின் அளவையும் பொறுத்தது. அதை ஆலையில்தான் பார்க்கிறார்கள். பிடுங்கி, வண்டிக்கூலி கொடுத்து வந்தவரிடம் "பாயிண்ட் கம்மிங்க" என்றால் என்ன செய்வார்? பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெட ஆரம்பித்துவிடும். திருப்பிக் கொண்டுபோக வழியில்லை.

காற்றில் ஒரு எடை, தண்ணீரில் முக்கி ஒரு எடை. இரண்டையும் வைத்தே மாவுச்சத்தைக் கணக்கிடலாம். கிழங்கில் மண் ஒட்டியிருந்தால் அளவு தப்பும், சரி, கழுவித்தான் ஆக வேண்டும். கருவியை உருவாக்கச் செயலியைவிடச் செலவும் நாளும் கூடும். இருந்தாலும் என் தேர்வு இதுதான். காசு கொடுத்து வாங்குவாரா என்று அந்த விவசாயியிடமே முதலில் கேட்டுவிட்டுத் தொடங்குவேன்.