திரையில் 84 ரூபாய், என் கைக்கு வந்தது 79.52

போனில் ஆர்டர் சொல்லிப் பங்கு வாங்குகிறவர்கள், அதிலும் என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள், அடுத்த ஆர்டருக்கு முன்னால் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள்.

ஒரு தரகு நிறுவனத்தின் கிளையில் எனக்குக் கணக்கு இருந்தது. போன மாதம் அங்கிருந்து டீலர் கூப்பிட்டார். ஒரு சின்ன கம்பெனியின் பெயரைச் சொல்லி, "84 ரூபாய்ல ஓடுது சார், ஆயிரம் எடுத்துடலாம்" என்றார். சரி என்றேன். "மார்க்கெட்லயே போட்டுடறேன் சார்." அதற்கும் சரி என்றேன். 84,000 ஆகும் என்று கணக்குப் போட்டிருந்தேன். மாலையில் வந்த கான்ட்ராக்ட் நோட்டில், அதாவது வாங்கிய விவரம் எழுதிய சீட்டில், 87,204. கட்டணங்கள் அதற்கு மேல்.

84 என்பது கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலை, அவ்வளவுதான். யாரோ ஐந்தே பங்கு வாங்கியிருந்தாலும் திரையில் அந்த விலைதான் நிற்கும். வாங்க நிற்பவர்கள் தரத் தயாராக இருக்கும் அதிகபட்ச விலை பிட். விற்க நிற்பவர்கள் கேட்கும் குறைந்தபட்ச விலை ஆஸ்க். டீலர் சொன்ன "மார்க்கெட்" என்பது மார்க்கெட் ஆர்டர், விலை குறிக்காமல் கிடைக்கிற விலைக்கு வாங்குவது. அதைப் போட்டால், கேட்ட எண்ணிக்கை நிறையும்வரை ஆஸ்க் வரிசையில் ஒவ்வொரு விலையாக ஏறிக்கொண்டே போகும். எனக்கு 84 ரூபாய்க்குக் கிடைத்தது 40 பங்கு. பிறகு 84.90க்கு 60, 86க்கு 150, 87.50க்கு 300. மிச்சம் 450 பங்கும் 88 ரூபாய்க்கு! இந்த வரிசைக்குத்தான் மார்க்கெட் டெப்த் என்று பெயர். பிட் பக்கம் ஐந்து விலை, ஆஸ்க் பக்கம் ஐந்து விலை, டீலரின் கண்ணெதிரே இருக்கும். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மூன்றாம் நாள் அவசரமாகப் பணம் தேவைப்பட்டது. விலை கேட்டேன். "84 தான் சார்." விற்கச் சொன்னேன், மறுபடியும் மார்க்கெட் ஆர்டர். வாங்க நின்றவர்களோ 81.20க்கு 100, 80.50க்கு 200, 79க்கு 700. வந்தது 79,520. திரையில் விலை அதே 84, என் பணத்தில் 7,684 ரூபாய் காணோம்.

கிளை மேலாளரிடம் நேரில் போய்க் கேட்டேன். "நீங்க ஓகே சொன்ன ரெக்கார்டிங் இருக்கு சார்" என்று முடித்துவிட்டார். ஓகே சொன்னது உண்மைதான். எதற்கு ஓகே சொல்கிறேன் என்று எனக்கு யாரும் விளக்கவில்லை என்பதும் உண்மை.

நிஃப்டி 50 பட்டியலில் இருக்கும் பெரிய கம்பெனிப் பங்குகளில் பிட்டுக்கும் ஆஸ்க்குக்கும் இடைவெளி மிகச் சிறியது, ஆயிரம் பங்கெல்லாம் அங்கே சாதாரணம். ஒரு நாளைக்குச் சில நூறு பங்கு மட்டும் கைமாறும் கம்பெனிகளில்தான் அடி விழும். அங்கே லிமிட் ஆர்டர், அதாவது விலைக்கு வரம்பு சொல்லிப் போடும் ஆர்டர், தவிர வேறு எதற்கும் சம்மதிக்காதீர்கள். "84க்கு மேல் வேண்டாம்" என்று நான் சொல்லியிருந்தால் 40 பங்கு வந்திருக்கும், மற்றது காத்திருந்திருக்கும். சந்தை மூடும்வரை கிடைக்காவிட்டால் அந்த ஆர்டர் தானே ரத்தாகிவிடும், நஷ்டமில்லை. என்.எஸ்.இ., பி.எஸ்.இ. என்ற இரண்டு பங்குச் சந்தைகளிலும் ஒரே பங்குக்கு வரிசை வேறு வேறாக இருக்கும், இரண்டையும் கேளுங்கள்.

நான் கணக்கை மாற்றிவிட்டேன். என் மைத்துனர் இன்னும் அதே கிளையில்தான் இருக்கிறார். நேற்று அவர் ஆர்டர் சொல்லும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "டெப்த்தைப் படிங்க தம்பி" என்றார். அதே டீலர்தான், பத்து விலையையும் எண்ணிக்கையோடு படித்தார். அரை நிமிடம்கூட ஆகவில்லை.