சக்கரம் இல்லாத டிராக்பாலும் அந்த 200 மில்லி விநாடியும்

பழைய லாஜிடெக் மார்பிள் டிராக்பால் ஒன்று பாதி விலைக்கு வருகிறது, லினக்ஸில் ஒழுங்காக ஓடுமா என்று நண்பர் கேட்டார். "ஓடும்" என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குள் 200 மில்லி விநாடித் தாமதம் ஒளிந்திருக்கிறது. அதைச் சொல்லாமல் வாங்கச் சொன்னால் பிறகு திட்டு நமக்குத்தான்.

மார்பிளின் அமைப்பு பலருக்கும் தெரியும்: நடுவில் கர்சரை நகர்த்தும் உருண்டை, இரண்டு பெரிய பட்டன், இரண்டு சின்ன பட்டன். ஸ்க்ரோல் சக்கரம் கிடையாது. ஆகவே பக்கத்தை உருட்டுவது முழுக்க முழுக்க டிரைவரின் பொறுப்பு. இடது சின்ன பட்டனை அழுத்திக்கொண்டு உருண்டையைச் சுற்றினால் கர்சருக்குப் பதில் பக்கம் நகர வேண்டும். இது சரியாக அமைந்துவிட்டால் சக்கரம் வைத்த மவுஸைத் தொடவே மனம் வராது. நீண்ட கோப்பை விரல் நுனியால் ஒரே இழுப்பில் மேலும் கீழும் கொண்டுபோகலாம், பக்கவாட்டிலும் போகலாம். அகலமான விரிதாளில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த ஒன்றுக்காகவே கொடுத்த காசு தகும்.

முதலில் அமைப்பு. எக்ஸ்ஆர்க் (லினக்ஸில் திரையையும் மவுஸையும் கவனிக்கும் எக்ஸ் சர்வர்) ஓடும் கணினியில் பலரும் செய்கிற தவறு, எக்ஸ்இன்புட் கட்டளையில் செட்-ப்ராப் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவது. அது அந்த நேரத்துக்கு மட்டும்தான். யூஎஸ்பி ஒயரைப் பிடுங்கிச் செருகினால் போச்சு. ஒரே கீபோர்டு மவுஸைப் பல கணினிக்கு மாற்றும் கேவிஎம் ஸ்விட்ச் வைத்திருந்தால் ஒவ்வொரு மாற்றலுக்கும் போச்சு. கெர்னல் பார்வையில் அது புதிதாக வந்த சாதனம், எக்ஸ் சர்வர் அதற்குப் புதிய எண் கொடுத்து இயல்புநிலை அமைப்பை ஏற்றுகிறது. நேற்று 11 என்ற எண்ணில் இருந்தது இன்று 13-இல் இருக்கும், எண்ணை நம்பி எழுதிய ஸ்கிரிப்ட் வேறு எதையோ மாற்றிவிட்டுப் போகும்.

நிலையாக இருக்க வேண்டுமென்றால் ஈடிசி அடைவில் எக்ஸ்11, அதற்குள் எக்ஸ்ஆர்க்.கான்ஃப்.டி என்ற அடைவில் ஒரு கோப்பு வைக்க வேண்டும். பெயர் 90 என்று தொடங்கட்டும், .கான்ஃப் என்று முடியட்டும். அப்படி முடியாத கோப்பை சர்வர் படிப்பதில்லை, அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதுமில்லை. யூஎஸ்ஆர்-ஷேர் பக்கம் உள்ள 40-லிப்இன்புட் கோப்பை (லிப்இன்புட் என்பது இன்றைய மவுஸ், டச்பேட் டிரைவர்) திருத்தாதீர்கள். அடுத்த அப்டேட் அதை அழித்து எழுதும். கோப்புகள் பெயர் வரிசையில் படிக்கப்படுகின்றன, பின்னால் வருவது முன்னதை மேவும். அதனால்தான் 90.

உள்ளே ஒரு இன்புட்கிளாஸ் பகுதி. (பெயர்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், கோப்பில் ஆங்கிலத்தில், இடைவெளி இல்லாமல் வரும்.) மேட்ச்ப்ராடக்ட் வரியில் சாதனத்தின் பெயர். மார்பிள் தன்னை "லாஜிடெக் யூஎஸ்பி டிராக்பால்" என்று அறிவித்துக்கொள்கிறது. பெயரின் ஒரு துண்டு போதும், ஆனால் பெரிய எழுத்து சின்ன எழுத்து பிசகக் கூடாது. மேட்ச்இஸ்பாயின்டர் வரியும் சேருங்கள். மவுஸும் கீபோர்டும் ஒரே ரிசீவரில் இருக்கும் செட்களில் இது இல்லையென்றால் மவுஸ் விருப்பங்கள் கீபோர்டின் மேலும் போய் விழும். டிரைவர் லிப்இன்புட். ஸ்க்ரோல்மெத்தட் பட்டன். ஸ்க்ரோல்பட்டன் 8. இந்த எண் ஏன் 8 என்றால், எக்ஸ் உலகில் 4 முதல் 7 வரை ஸ்க்ரோலுக்கு ஒதுக்கப்பட்டவை. இடது 1, நடு 2, வலது 3, அதற்கடுத்து வரும் பட்டனே 8. நான்கு பட்டன் மவுஸில் நான்காவது 4 என்று எண்ணி எழுதினால் வேலை செய்யாது.

உருட்டும் வேகம் போதவில்லை என்றால் ஸ்க்ரோல்பிக்சல்டிஸ்டன்ஸ் என்ற விருப்பம் உண்டு. 10 முதல் 50 வரை, இயல்பு 15. எண் குறைந்தால் பக்கம் வேகமாக ஓடும். பக்கவாட்டு நகர்வு வேண்டாதவர்கள் ஹாரிசான்டல்ஸ்க்ரோலிங் என்பதை அணைக்கலாம். எக்ஸை மறுபடி தொடங்கிய பிறகு எக்ஸ்ஆர்க் பதிவுக் கோப்பில் "யூசிங் இன்புட் டிரைவர்" என்ற வரியைத் தேடிப் பாருங்கள். அங்கே எந்த டிரைவர் பெயர் இருக்கிறதோ அதுதான் உண்மை, நீங்கள் எழுதியது வெறும் விண்ணப்பம். மடிக்கணினியில் டச்பேட் விருப்பங்கள் திடீரென்று காணாமல் போனாலும் இதே வரியில் பதில் இருக்கும். சினாப்டிக்ஸ் என்ற பழைய டச்பேட் டிரைவரின் பேக்கேஜ் எதனுடனோ சேர்ந்து உள்ளே வந்திருந்தால், 70 என்ற எண்ணுள்ள அதன் கோப்பு லிப்இன்புட்டின் 40-ஐ மேவி டச்பேடைப் பிடித்துக்கொள்ளும்.

இதுவரை எல்லாம் சுகம். இப்போது அந்த 200.

லிப்இன்புட்டில் ஸ்க்ரோல் பட்டனை அழுத்திய முதல் 200 மில்லி விநாடிக்குள் உருண்டையை எவ்வளவு சுற்றினாலும் எதுவும் நடக்காது. கர்சர் நகராது, பக்கமும் நகராது. அந்த அசைவு அப்படியே விழுங்கப்படுகிறது. காரணம் நியாயமானதுதான்: ஒரே பட்டன் இரண்டு வேலை பார்க்கிறது. தட்டிவிட்டால் "பின்செல்", பிடித்துக்கொண்டால் ஸ்க்ரோல். எது என்று முடிவு செய்ய டிரைவருக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். பட்டனை அழுத்தும்போது உருண்டை லேசாக நடுங்கினால் அதை ஸ்க்ரோல் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. எல்லாம் சரி. ஆனால் அந்த நேரத்தை மாற்ற ஒரு விருப்பம்கூட இல்லை. மூலநிரலில் ஓர் எண்ணாகப் பதிந்து கிடக்கிறது.

200 மில்லி விநாடி என்ன பெரிய விஷயம் என்பவர்கள் ஒரு நாள் முழுக்க நிரல் படித்துப் பார்க்க வேண்டும். மூன்று வரி மேலே போக வேண்டும் என்றால் கை பழக்கத்தில் அழுத்தி, சுண்டி, விட்டுவிடுகிறது. மொத்தமும் 200-க்குள் முடிந்துவிடும். பக்கம் நகராது என்பதோடு தொல்லை நிற்காது. டிரைவர் அதைச் சாதாரணத் தட்டல் என்று எடுத்துக்கொண்டு "பின்செல்" அனுப்பிவிடும். பிரவுசரில் நீண்ட படிவம் நிரப்பிக்கொண்டிருக்கும்போது இது நடந்தால் வாயில் வருவதை இங்கே எழுத முடியாது.

சந்தேகம் இருந்தால் அளந்தே பார்க்கலாம். ரூட் உரிமையோடு லிப்இன்புட் டீபக்-ஈவென்ட்ஸ் ஓட்டுங்கள். ஸ்க்ரோல் முறையையும் பட்டனையும் அந்தக் கட்டளைக்கே தனியாகக் கொடுக்க வேண்டும், எக்ஸில் வைத்த அமைப்பு அதற்குத் தெரியாது. அங்கே பட்டனுக்கு எக்ஸ் எண் செல்லாது, கெர்னல் பெயரான பிடிஎன்-சைட் என்பதைத் தர வேண்டும். பட்டனை அழுத்தி உடனே உருட்டிக்கொண்டே இருங்கள். முதல் ஸ்க்ரோல் வரி எத்தனை தாமதமாக வருகிறது என்பது நேர முத்திரையில் தெரிந்துவிடும்.

பரிகாரங்கள் உண்டு, ஒன்றும் முழுமையில்லை. பாதி வலியைப் போக்குவது பட்டன்மேப்பிங். ஒன்பது எண்களில் எட்டாவது இடத்தில் 0 போடுங்கள்: 1 2 3 4 5 6 7 0 9. அவசரத்தில் சுண்டினால் "பின்செல்" போகாது. ஸ்க்ரோல் மட்டும் வழக்கம்போல் நடக்கும், ஏனென்றால் லிப்இன்புட் பட்டனைக் கையாள்வது கீழ்மட்டத்தில், இந்த மறுஎண்ணிடல் அதற்கு மேலே. இதைச் செய்யாமல் மார்பிளை வேலைக்கு வைப்பது வீண் வம்பு.

அடுத்தது ஸ்க்ரோல்பட்டன்லாக். ஒருமுறை தட்டினால் ஸ்க்ரோல் பூட்டிக்கொள்ளும், இன்னொரு தட்டலில் விடுபடும். விரலைப் பட்டனிலிருந்து எடுத்து உருண்டைக்குக் கொண்டுவருவதற்குள் 200 ஓடிவிடுவதால் தாமதம் தெரியாது. கட்டைவிரல் வலி உள்ளவர்களுக்கும் நல்லது. ஆனால் பூட்டியதை மறந்துவிட்டுக் கர்சர் நகரவில்லையே, கணினி நின்றுவிட்டதா என்று முழிப்பது இதில் தினசரிச் சடங்கு.

மூன்றாவது வழி பழைய ஈவ்டெவ் டிரைவர். அந்தப் பேக்கேஜை நிறுவி, இந்த ஒரு சாதனத்துக்கு மட்டும் 90 கோப்பில் டிரைவர் ஈவ்டெவ் என்று மாற்றலாம். அங்கே எமுலேட்வீல் என்பதை இயக்கி, எமுலேட்வீல்பட்டன் 8 என்று தர வேண்டும். பக்கவாட்டும் வேண்டுமானால் எக்ஸ்ஆக்சிஸ்மேப்பிங் 6 7. இதிலும் இயல்பு தாமதம் அதே 200-தான், ஆனால் எமுலேட்வீல்டைம்அவுட் என்று ஒரு விருப்பம் இருக்கிறது! 50 என்று வைத்தால் கை அசைந்ததும் பக்கம் அசையும். 2015-இல் ஃபெடோரா 22 என்ற லினக்ஸ் பதிப்பு லிப்இன்புட்டுக்கு மாறியபோது, அதே ஆண்டு லிப்இன்புட் 1.0 வந்தபோது, பழைய டிரைவர்களின் விருப்பக் காட்டை வெட்டி எளிமையாக்குவதே நோக்கமாக இருந்தது. சினாப்டிக்ஸ் டிரைவரின் விருப்பப் பட்டியலைப் பார்த்தவர்கள் அந்த நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லவில்லை. இந்த ஒரு மரத்தை விட்டிருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

ஈவ்டெவ்வுக்கு நிரந்தரமாகப் போய்விடலாமே என்றால், அங்கே இழப்பதும் சிறிதல்ல. அது ஸ்க்ரோலை நான்கு, ஐந்து என்ற பட்டன் தட்டல்களாக உடைத்து அனுப்புகிறது. 10 பிக்சலுக்கு ஒரு தட்டல், பக்கம் படிக்கட்டு இறங்குவதுபோல் குதிக்கும். லிப்இன்புட்டில் எண்ணெய்போல் வழுக்கும். தேய்ந்துபோன பட்டன்களுக்கும் லிப்இன்புட் ஒரு நல்லது செய்கிறது. ஒரு தட்டல் இரண்டாகப் பதிவாகும் பழைய ஸ்விட்ச்களின் அதிர்வைத் தானே வடிகட்டிவிடும். பாதி விலைப் பழைய சாதனம் வாங்குகிறவருக்கு இது முக்கியம். ஆக, உடனே தொடங்கிக் குதித்துக் குதித்துப் போவதா, தாமதமாகத் தொடங்கி வழுக்கிப் போவதா? காலையில் ஒரு பதில், மாலையில் ஒரு பதில். மூலநிரலில் அந்த எண்ணை மாற்றிச் சொந்தமாகக் கம்பைல் செய்கிறவர்களும் உண்டு. ஒவ்வொரு அப்டேட்டுக்கும் அந்தச் சிராய்ப்பைத் திரும்பப் பட வேண்டும்.

எக்ஸுக்குப் பதிலாக வந்த வேலாண்டுக்கு மாறினால் எக்ஸ்ஆர்க் கோப்பு எதுவும் செல்லாது, ஈவ்டெவ் டிரைவர் என்ற தப்பும் வழியும் மூடிவிடும். அடியில் இருப்பது அதே லிப்இன்புட், அதே 200. ஸ்வே என்ற வேலாண்ட் சாளர மேலாளரைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஸ்க்ரோல் முறை, பட்டன், பூட்டு எல்லாம் அதன் அமைப்புக் கோப்பிலேயே உண்டு. குனோம் டெஸ்க்டாப்பில் ஜிசெட்டிங்ஸ் வழியாக டிராக்பால் பிரிவில் ஸ்க்ரோல்-வீல்-எமுலேஷன்-பட்டன் என்பதற்கு 8 கொடுக்க வேண்டும். லினக்ஸின் சாதன மேலாளரான யூடெவ் அந்தச் சாதனத்தை டிராக்பால் என்று அடையாளம் கண்டிருந்தால் மட்டுமே அது பலிக்கும்.

கீபோர்ட் பற்றியும் நண்பர் கேட்டார், கேப்ஸ்லாக்கைக் கன்ட்ரோலாக்குவது. செட்எக்ஸ்கேபிமேப் கட்டளையில் வைத்தால் மவுஸுக்குச் சொன்ன அதே கதை: பிடுங்கிச் செருகினால் போச்சு. தமிழில் தட்டுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. தமிழ்99-இன் தானியங்கிப் புள்ளி போன்ற விதிகள் எக்ஸின் விசையமைப்பைக் கவனிக்கும் எக்ஸ்கேபி அடுக்கில் முடியாது, ஒரு விசைக்கு ஒரு குறி என்பதே அதன் கணக்கு. எனவே ஐபஸ், எம்17என் என்ற உள்ளீட்டு மென்பொருள்களுக்குப் போகிறோம். ஐபஸ் மொழி மாற்றும்போது தன் விசையமைப்பை ஏற்றி நாம் வைத்த கேப்ஸ் மாற்றத்தைத் துடைத்துவிடக்கூடும். அதன் அமைப்பில் கணினியின் விசையமைப்பையே பயன்படுத்து என்ற குறியை இடலாம்.

அதைவிட உறுதியானது இதற்கெல்லாம் கீழே, யூடெவ்வின் வன்பொருள் தரவுத்தளமான எச்டபிள்யூடிபியில் மாற்றுவது. யூஎஸ்பி கீபோர்டுக்கு கேப்ஸின் குறியீடு 70039, மடிக்கணினியின் உள்கீபோர்டுக்கு பொதுவாக 3ஏ. அதற்கு லெஃப்ட்கன்ட்ரோல் என்று தந்து, சிஸ்டம்டி-எச்டபிள்யூடிபி அப்டேட், பிறகு யூடெவ்ஏடிஎம் டிரிகர். எக்ஸ், வேலாண்ட், வெறும் கன்சோல் எல்லாவற்றிலும் நிற்கும். இரண்டு இடத்தில் சறுக்கும். விசை வரியின் தொடக்கத்தில் ஓர் இடைவெளி கட்டாயம். கீபோர்டைப் பொருத்தும் வரியில் சாதன எண்ணின் எழுத்துகள் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும், எல்எஸ்யூஎஸ்பி கட்டளை காட்டுவதோ சின்ன எழுத்து. அதே அடைவில் மவுஸுக்கு எழுதினால் சின்ன எழுத்துதான் வேண்டும். இதற்கு எந்த நியாயமும் கேட்காதீர்கள்.

நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். சக்கரமோ வளையமோ உள்ள டிராக்பால் ஏதாவது பாருங்கள், இந்த 200 உங்களைத் தொடவே தொடாது. ஐந்துக்கு இரண்டரை மதிப்பெண்.

அதையும் மீறி வாங்கினால், கர்சர் விக்கும்போது டிரைவரைத் திட்டும் முன் அடியில் உள்ள துளை வழியாக உருண்டையை மேலே தள்ளி எடுங்கள். அதைத் தாங்கும் மூன்று குமிழ்களில் அழுக்கு வளையம் கட்டியிருக்கும். நகத்தால் சுரண்டினால் வந்துவிடும். பட்டன்மேப்பிங்கில் எட்டாவது இடத்தில் 0, மறக்க வேண்டாம். நீங்கள் வாங்கவில்லை என்றால் விற்பவரின் எண்ணை எனக்கு அனுப்புங்கள், கைவசம் உதிரிக்கு ஒன்று இருக்கட்டும்.