அல்சூர் முதலீட்டு வகுப்பு: காலைப் பாடமும் மாலை வினாத்தாளும்

பெங்களூரு அல்சூரில் ஞாயிறுதோறும் இளைஞர்களுக்காகத் தமிழில் நடக்கும் சேமிப்பு, முதலீட்டு வகுப்புக்குச் சென்று வந்தேன். ஒயிட்ஃபீல்டு மென்பொருள் நிறுவனங்களில் பணியாற்றுவோரும் பீன்யா தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே அறையில் அமர்ந்து பணத்தைப் பற்றிப் பேசுவதே எனக்கு மகிழ்ச்சியளித்தது.

காலைப் பாடம் மிகச் சிறப்பு. எஃப் அண்ட் ஓ, அதாவது பங்குகளின் வருங்கால விலையை ஊகித்து ஒப்பந்தங்களை வாங்கி விற்கும் வணிகம் குறித்து 2024 செப்டம்பரில் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி வெளியிட்ட ஆய்வை ஆசிரியர் பொறுமையாக விளக்கினார். மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நட்டமடைந்துள்ளனர். 30 வயதுக்குட்பட்டோரின் பங்கு ஒரே ஆண்டில் 31 சதவீதத்திலிருந்து 43 சதவீதமாக உயர்ந்துள்ளது. முதல் 30 நகரங்களுக்கு வெளியே வசிப்போரே 72 சதவீதத்துக்கும் மேல். ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகள் சந்தைக்கு அஞ்சி ஒதுங்குவார்கள் என்ற நம் எண்ணத்தை இந்தக் கடைசிக் கணக்கு அசைத்துப் பார்க்கிறது. 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு செய்த சீட்டுக்கும் தெருவில் நம்பிக்கையின் பேரில் பிடிக்கும் சீட்டுக்கும் உள்ள வேறுபாட்டையும் தெளிவாகச் சொன்னார்.

குறை மாலை வினாத்தாளில் இருக்கிறது. சந்தை 20 சதவீதம் சரிந்தால் விற்பீர்களா, பொறுத்திருப்பீர்களா, மேலும் வாங்குவீர்களா என்பது போன்ற கேள்விகளைக் கேட்டு ஒவ்வொருவரையும் துணிந்தவர், அஞ்சுபவர் என்று பிரித்துவிடுகிறார்கள். என் அருகில் இருந்த பீன்யா இளைஞர் அஞ்சுபவர் பட்டியலில் சேர்க்கப்பட்டார். தண்ணீர் வருமா என்று தெரியாமலே வட்டிக்கு வாங்கி ஆழ்துளைக் கிணறு போட்டு, அது பொய்த்த பிறகும் இரண்டாவது இடத்தில் தோண்டிய குடும்பம் அவருடையது. துணிந்தவராகக் குறிக்கப்பட்ட நகரத்துப் பிள்ளைக்கோ சொந்த வீடும் தந்தையின் ஓய்வூதியமும் இருக்கின்றன. பணம் போனால் அவருக்கு இந்த ஆண்டின் சுற்றுலா நிற்கும், மற்றவருக்குத் தங்கையின் திருமணம் நிற்கும். மானாவாரி நிலத்தில் வளர்ந்த ஒருவர் இடரை அறியாதவர் அல்லர். அதைத் தனி ஆளாக அன்றிக் குடும்பமாகச் சுமந்து பழகியவர். இந்த வேறுபாட்டைக் கேட்காத வினாத்தாள், தன்னைக் கோழை என்று நினைத்துக்கொள்ளும் பிள்ளையை அவசரமாகச் சந்தைக்குள் தள்ளிவிடுமோ என்று உண்மையிலேயே கவலைப்படுகிறேன்.

வீட்டுக் கடன், நம்பியிருப்போர், ஊருக்கு அனுப்பும் தொகை ஆகியவற்றை முதலில் கேட்குமாறு அமைப்பாளர்களிடம் எழுதிக் கொடுத்துள்ளேன். கட்டணம் நியாயமானது, தமிழில் தரும் குறிப்பேடு பாதுகாத்து வைக்கத் தக்கது. வினாத்தாள் மாறும்வரை காலைப் பாடத்துக்கு மட்டும் பிள்ளைகளை அனுப்பலாம்.