மகதானிலிருந்து மேற்கே: கோலிமா சாலையை மிதிக்கப் பனிக்காலமா, கோடையா?

ரஷ்யாவின் தூரக் கிழக்கில் இருக்கும் மகதானுக்கு விமானத்தில் போய் இறங்கி, அங்கிருந்து ஐரோப்பாவில் உள்ள வீட்டுக்குச் சைக்கிள் மிதித்தே திரும்புவது நெடும்பயணக்காரர்களிடையே பெயர்பெற்ற வழி. 2004இல் இங்கிலாந்துக்காரர் ராப் லில்வால் இங்கே கிளம்பி, ஆஸ்திரேலியா வரை சுற்றிக்கொண்டு 2007இல் லண்டன் சேர்ந்தார். அப்புறம் எந்தப் பக்கம் திரும்பினாலும் முதல் 2,000 கி.மீ. எல்லோருக்கும் ஒன்றுதான்: மகதானிலிருந்து லேனா ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கும் நீஸ்னி பெஸ்த்யாக் வரை போகும் ஆர்-504 கோலிமா நெடுஞ்சாலை. 1930களில் சோவியத் கட்டாய உழைப்பு முகாம் கைதிகளை வைத்துப் போட ஆரம்பித்த சாலை. வேலையிலேயே செத்தவர்கள் கணக்கில்லாததால் ‘எலும்புச் சாலை’ என்ற பெயர் நிலைத்துவிட்டது.

ஆகவே இங்கே பாதையைத் தேர்ந்தெடுக்க இடமில்லை, மாதத்தைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். ஜூன்–ஆகஸ்ட் ஒன்று, பிப்ரவரி கடைசி–ஏப்ரல் நடு இன்னொன்று. பலரும் இதை வெயிலா குளிரா என்று பார்க்கிறார்கள். உண்மையில் ஈரமா உலர்வா என்பதுதான் கேள்வி. நனைந்த ஆளுக்கு மைனஸ் 5 செய்யும் கெடுதலை, உலர்ந்த ஆளுக்கு மைனஸ் 30 செய்வதில்லை.

முதலில் கோடை. பகல் வெப்பம் 25 டிகிரியைத் தாண்டும், ஜூன், ஜூலையில் ராத்திரி முழுசாக இருட்டுவதே இல்லை. மைனஸ் 5க்கான ஸ்லீப்பிங் பேக் போதும், எடை ஒரு கிலோதான். ஸ்டவ்வுக்கு ஒரு நாளைக்கு 80–100 மி.லி. பெட்ரோல் ஆகும். காய்ந்த ஜல்லியில் 80 கி.மீ. ஓட்டலாம். இதெல்லாம் மழை வரும்வரைதான். இந்தச் சாலையின் பெரும்பகுதி தார் இல்லாத மண்ணும் ஜல்லியும். அடியில் எப்போதும் உறைந்தே கிடக்கும் தரை. மழைநீர் உள்ளே இறங்க வழியில்லாமல் மொத்தமாக ஆற்றுக்கு ஓடுகிறது. அதனால் சாலை களியாகிறது, காலையில் முழங்கால் அளவு இருந்த ஓடை சாயங்காலம் இடுப்புக்கு ஏறுகிறது. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே களிமண் இறுகி, சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். மழைக்கு முன்பே மட்கார்டைக் கழற்றிக் கட்டிவிடுவது நல்லது. சேற்றிலும் மிதித்துத் தள்ளினால் செயினைக் கியர் மாற்றும் டிரெய்லியர் சக்கரக் கம்பிக்குள் மாட்டி, அதைத் தாங்கும் ஹேங்கர் முறியும். உங்கள் பிரேமுக்கான ஹேங்கர் இரண்டு உதிரியாக இருக்கட்டும், வழியில் எங்கும் கிடைக்காது. கொசுவும் மோஷ்கா என்னும் பொடி ஈயும் தலைவலை இல்லாமல் சோறு தின்ன விடாது. கரடிக்காகச் சாப்பாட்டுப் பையைக் கூடாரத்திலிருந்து 100 மீட்டராவது தள்ளித் தொங்கவிட வேண்டும்.

கதிக்சான் என்னும் ஆளில்லா ஊரிலிருந்து தொம்தோர் வழியாகக் குயுபேமேக்குப் போகும் பழைய கோடைச் சாலை 400 கி.மீ.க்குச் சற்று மேல். பாலங்கள் இடிந்து பராமரிப்பு நின்றுபோனது. கோடையில் தனி ஆள் அங்கே போகவே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஆற்றைக் கடக்கையில் பைகள் அடித்துச் செல்லப்பட்டால் எடுத்துக் கொடுக்க யாரும் வரமாட்டார்கள். உஸ்த்-நேரா என்னும் ஊர் வழியாகப் போகும் புதிய சாலையில் லாரியாவது வரும்.

இனிப் பனிக்காலம். டிசம்பர், ஜனவரியை விட்டுவிடுங்கள்: டிசம்பர் கடைசியில் வடக்குப் பகுதியில் பகல் ஐந்து மணி நேரம்கூட இல்லை. பழைய சாலைக்குப் பக்கத்து ஊரான ஓய்மியாகோனில் ஜனவரிச் சராசரியே மைனஸ் 45ஐ ஒட்டியது, 1933 பிப்ரவரியில் மைனஸ் 67.7 பதிவானது. மார்ச்சில் சராசரி மைனஸ் 30ஐ ஒட்டி வந்துவிடும், நடு மார்ச்சில் பகல் 12 மணி நேரம். காற்று உலர்ந்தது, வானம் தெளிந்தது, சாலை இறுகிய பனி, ஆறுகள் உறைந்து பாலமாகக் கிடக்கும். கொசுவும் இல்லை, கரடி இன்னும் தூங்குகிறது. ஒரு நாளைக்கு 50 கி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் சைக்கிளை இதற்கென்றே பிரித்துக் கோக்க வேண்டும். முதலில் கெடுவது பின்சக்கர ஃப்ரீஹப், அதாவது மிதிக்கும்போது மட்டும் சக்கரத்தைப் பிடித்துச் சுற்றும் பாகம். உள்ளே இருக்கும் கிரீஸ் மைனஸ் 25க்குக் கீழே மெழுகுபோல் இறுகும். பற்களைப் பிடிக்கும் சிறு கொக்கிகள் ஒட்டிக்கொண்டு எழும்பாது. பெடல் சுற்றும், சக்கரம் சுற்றாது. கிளம்பும் முன் ஃப்ரீஹப்பைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் போடாமல் மெல்லிய எண்ணெய் சில சொட்டு மட்டும் விட வேண்டும். வழியில் மாட்டிக்கொண்டால் ஃபிளாஸ்க் வெந்நீரை ஊற்றுகிறவர்கள் உண்டு. அப்போதைக்கு விடுபடும், உள்ளே போன தண்ணீர் அரை மணியில் உறைந்து முன்னைவிட மோசமாகும். ஹைட்ராலிக் பிரேக்கில் ரப்பர் சீல் சுருங்கி ஆயில் கசியும். கேபிளால் இயங்கும் டிஸ்க் பிரேக்தான் சரி. கேபிள் உறைக்குள் துளி ஈரம் இருந்தாலும் கியர் மாறாது.

பஞ்சர் ஒட்டும் பசை இந்தக் குளிரில் காயாது. நான்கு ட்யூப் கொண்டுபோய், மாற்றியதைக் கூடாரத்துக்குள் வைத்து ஒட்டுங்கள். பம்பைக் கோட்டுக்குள் வையுங்கள், அதன் ரப்பர் வளையமும் சுருங்கிவிடும். ஆற்றுப் பனிக்கட்டிக்குக் கார்பைட் ஆணி பதித்த டயர் கட்டாயம். கோடையில் டயரில் 45 பிஎஸ்ஐ காற்று வைப்பவர்கள் இங்கே 30–35க்கு இறக்கலாம்.

கேஸ் ஸ்டவ் உதவாது: பியூட்டேன் மைனஸ் 0.5இலும் ஐசோபியூட்டேன் மைனஸ் 12இலும் கொதிப்பவை, அதற்குக் கீழே அவை திரவமாகவே கிடக்கும். பெட்ரோல் ஸ்டவ்தான். பனியை உருக்குவதால் நாளைக்கு 250 மி.லி. ஆகும். உஸ்த்-நேராவைத் தாண்டினால் ஹந்திகா என்னும் ஊர் வரும்வரை 500 கி.மீ.க்கு மேற்பட்ட வெட்டவெளி, நடுவே பெயருக்கு ஓரிரு நிறுத்தம். பன்னிரண்டு நாள் கணக்கு வைத்தால் மூன்று லிட்டர். பாத்திரத்தில் ஒரு டம்ளர் தண்ணீரை முதலில் ஊற்றிவிட்டுப் பனியைப் போடுங்கள். வெறும் பனியைப் போட்டால் அடி தீய்ந்த வாடை வரும், எரிபொருளும் வீண். சாக்லேட்டையும் சாலோ என்னும் உப்பிட்ட பன்றிக்கொழுப்பையும் ஊர்க்கடையிலேயே வாயில் போடும் அளவுக்குத் துண்டாக்கிக்கொள்ளுங்கள். வெளியே வந்தால் கல்.

இப்போது ஈரத்துக்கு வருவோம். தூங்கும்போது உடம்பிலிருந்து வரும் ஆவி இறகு அடைத்த ஸ்லீப்பிங் பேக்கின் வெளி அடுக்கில் உறைகிறது. உலர்த்த வெயில் போதாது. பத்து நாளில் பை எடை கூடி, இறகு கட்டிதட்டி, மைனஸ் 40க்கு வாங்கியது மைனஸ் 20க்கே தாங்காது. உள்ளே ஒரு ஆவித்தடுப்பு உறை போட்டுக்கொண்டு படுத்தால் இது நின்றுவிடும். ராத்திரி பிசுபிசுக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். காலுக்கும் அதே வித்தை: மெல்லிய சாக்ஸ், மேலே பிளாஸ்டிக் பை, அதன்மேல் கம்பளி சாக்ஸ். ஏற்றத்தில் வேர்க்கும் முன்பே கோட்டைத் திறந்துவிடுங்கள், வேர்த்தபின் திறந்து பயனில்லை.

எல்லாவற்றையும்விட ஆபத்து ‘நாலெத்’. அடிவரை உறைந்த ஆற்றில் தண்ணீர் அழுத்தம் தாங்காமல் விரிசல் வழியே மேலே வந்து, பனிப்போர்வைக்கு அடியில் ஓடும். மைனஸ் 40இலும் ஓடும். மேலிருந்து பார்த்தால் வெள்ளைப் பனி; கால் வைத்தால் கணுக்கால்வரை தண்ணீர். சாம்பல் நிறம் தட்டிய பனி, ஆவி எழும் இடம் இரண்டையும் சுற்றிப் போங்கள். நனைந்துவிட்டால் பூட்ஸை உடனே உலர்ந்த பொடிப்பனியில் புரட்டுங்கள், அது ஈரத்தை உறிஞ்சும். பிறகு மாற்று சாக்ஸ், ஸ்டவ், கூடாரம். இந்த நிலையில் மிதித்துக்கொண்டே போய்ச் சூடேற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தால் விரல் போய்விடும். ஒரு நல்லது: குளிர்காலத்தில் நின்றிருக்கும் யாரையும் கேட்காமல் தாண்டிப் போவதில்லை என்பது அந்தச் சாலை லாரிக்காரர்களின் வழக்கம்.

அக்டோபர்–நவம்பரும், ஏப்ரல் கடைசி–மேயும் வேண்டவே வேண்டாம். ஹந்திகா அருகே அல்தான் ஆற்றில் படகும் நின்றிருக்கும், உறைந்த ஆற்றின்மேல் போகும் பனிச்சாலையும் தாங்காது. வாரக்கணக்கில் கரையில் கிடக்க வேண்டிவரும்.

எங்கள் தீர்ப்பு: மைனஸ் 25இல் தொடர்ந்து பத்து ராத்திரியாவது கூடாரத்தில் தூங்கிப் பழகியவர் பிப்ரவரி கடைசியில் கிளம்பட்டும். பழகாதவருக்குக் கோடைதான், ஆகஸ்ட் பாதியில் கிளம்பினால் கொசு குறைந்திருக்கும், ஆனால் செப்டம்பர் முடிவதற்குள் ஹந்திகாவைத் தாண்டிவிட வேண்டும்.

பனிக்காலத்துக்காரர் நடு ஏப்ரலில் நீஸ்னி பெஸ்த்யாக் சேர்வார். தெற்கே போகும் லேனா நெடுஞ்சாலை அந்தக் கரையிலேயே ஆரம்பிக்கிறது. பனிச்சாலை திறந்திருந்தால் மட்டும் ஆற்றைக் கடந்து யாகுட்ஸ்க் போய்க் கனத்த ஸ்லீப்பிங் பேக்கைத் தபாலில் அனுப்பிவிட்டு, இரண்டே நாளில் திரும்பிவிடுங்கள். மேயில் பனி உருகினால் லேனா நெடுஞ்சாலையின் மண் பகுதிகளிலும் களிதான். ஆணி டயரை உடனே கழற்ற வேண்டாம். காலையில் சாலை இறுகிக் கிடக்கும் நான்கைந்து மணி நேரம் அதில் ஓட்டி, மதியம் இளகியதும் நிறுத்திவிடலாம்.