மூன்று சேனலா, நான்கு சேனலா? கையால் கட்டும் முதல் ஆர்சி விமானத்துக்கு ஓர் ஒப்பீடு

இறக்கை நீளம் 1.2 மீட்டர், அகலம் 20 செ.மீ, பேட்டரியோடு சேர்த்து எடை 750 கிராம். ஃபோம் போர்டில் கட்டும் முதல் ஆர்சி (ரிமோட்டால் இயக்கும்) விமானத்துக்கு இந்த அளவு நன்றாகப் பொருந்தும். இறக்கைப் பரப்பு 24 சதுர டெசிமீட்டர் வருகிறது. ஒவ்வொரு சதுர டெசிமீட்டரும் சுமக்க வேண்டியது ஏறத்தாழ 31 கிராம். மெதுவாகப் பறக்கும், யோசிக்க நேரம் கொடுக்கும். இதே உடலை இரண்டு விதமாகக் கட்டலாம். ஒன்று, ரடர் (மூக்கை இடம் வலம் திருப்பும் வால் மடல்), எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்), மோட்டார் என மூன்று சேனல், அதாவது ரிமோட்டால் தனித்தனியாக இயக்கும் மூன்று கட்டுப்பாடுகள். இன்னொன்று, இவற்றோடு இறக்கையின் பின்விளிம்பில் விமானத்தைச் சாய்க்கும் எய்லரான் மடல்களும் சேர்ந்த நான்கு சேனல்.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். துணைக்கு ஆளில்லாமல் தனியாகப் பழகுகிறவர் மூன்று சேனலில் தொடங்கட்டும். பறக்கவிடத் தெரிந்த ஒருவர் பக்கத்திலேயே நின்று, நிலைமை கைமீறும்போது ரிமோட்டை வாங்கிக்கொள்வார் என்றால் நேராக நான்கு சேனலுக்குப் போகலாம். ‘மூன்று சேனல் பிள்ளைகளுக்கானது’ என்ற பேச்சைப் பொருட்படுத்த வேண்டாம். இரண்டும் வேறு வேறு விதமாகப் பறக்கின்றன, வேறு வேறு விதமாக விழுகின்றன.

கட்டும்போது

எய்லரான் இல்லாத விமானம் சாய்வதற்கு, இறக்கை இரண்டு பக்கமும் மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும். இதை டைஹெட்ரல் என்பார்கள். ரடர் மூக்கை ஒரு பக்கம் தள்ளும்போது வெளிப்பக்க இறக்கை காற்றைக் கூடுதல் கோணத்தில் சந்தித்து மேலே எழும்பும். விமானம் சாய்ந்து திரும்பும். பக்கத்துக்கு 6 டிகிரி வைத்தால் 60 செ.மீ அரை இறக்கையின் நுனி ஏறத்தாழ 6 செ.மீ உயரும். பார்க்க அதிகமாகத் தோன்றினாலும் குறைக்காதீர்கள். நேர் இறக்கையில் ரடரை மட்டும் வைத்தால் மூக்குதான் திரும்புமே தவிர விமானம் சாய மறுக்கும். எய்லரான் விமானத்துக்கு 2 டிகிரி, அதாவது நுனியில் 2 செ.மீ போதும்.

மூன்று சேனலில் 9 கிராம் சர்வோ (மடலை அசைக்கும் சிறு மோட்டார்) இரண்டு. நான்கில் நான்கு. கடைகளில் ஏ2212 மோட்டாரோடு கிடைக்கும் 30 ஆம்பியர் ஈ.எஸ்.சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பலகை) பலவற்றில், ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் மின்சாரம் தரும் பகுதி 5 வோல்ட், 2 ஆம்பியர் மட்டுமே. 3 செல் பேட்டரியில் அது வேகமாகச் சூடாகும். நான்கு சர்வோக்களில் ஒன்றிரண்டு இறுகி நின்றுவிட்டால் ரிசீவர் கணநேரம் அணைந்து எழும். வானத்தில் அந்தக் கணம் போதும். நான்கு சேனல் கட்டுகிறவர்கள் 3 ஆம்பியர் தரும் தனி யூபெக் (ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் மின்சாரம் தரும் சிறு பலகை) வைப்பதும், ஒவ்வொரு கீலையும் விரலால் அசைத்து இறுக்கம் இல்லை என்று உறுதிசெய்வதும் அவசியம்.

மோட்டார் இரண்டுக்கும் ஒன்றே: ஏ2212 1000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1000 சுற்று), 10x4.5 ப்ரொப்பெல்லர், 3 செல் 2200 மில்லியாம்ப்-மணி லிப்போ பேட்டரி. 800 கிராம் அளவுக்கு இழுவிசை கிடைக்கும். அதே பெட்டியில், அதே தோற்றத்தில் 1400 கேவி மோட்டாரும் விற்கிறது. அதில் 10 அங்குல ப்ரொப்பெல்லரை மாட்டி 3 செல்லில் ஓட்டினால் சுருள் கருகும். அதற்கு 8x4 தான்.

போர்டு வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. சன்போர்டு என்று கேட்டால் பல கடைகளில் பி.வி.சி நுரைத் தாளைத்தான் கொடுப்பார்கள். 5 மி.மீ பி.வி.சி தாள் சதுர மீட்டருக்கு 2 கிலோவைத் தாண்டும். இந்த இறக்கைக்கு மேலும் கீழுமாக அரை சதுர மீட்டர் வேண்டும் என்பதால் இறக்கை மட்டுமே ஒரு கிலோவுக்கு மேல் போய்விடும். நமக்கு வேண்டியது இரு முகமும் காகிதம் ஒட்டிய மெல்லிய நுரை போர்டு. தாளைத் தராசில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். காகிதம் பனியை உறிஞ்சும், ஈரத்தில் முறுக்கிக்கொள்ளும். வெட்டிய விளிம்புகளையும் அடிப்பக்கத்தையும் டேப்பால் மூடுவது நல்லது.

ட்ரிம் செய்வதில்தான் உண்மையான வேறுபாடு

ட்ரிம் என்பது குச்சியைத் தொடாதபோதும் விமானம் நேராகப் பறக்கும்படி சரிசெய்வது. ஈர்ப்பு மையம் இரண்டுக்கும் பொது. முன்விளிம்பிலிருந்து அகலத்தில் 25 முதல் 30 சதவீதம், அதாவது 5 முதல் 6 செ.மீ. பேட்டரியை உள்ளே வைத்து, இறக்கையின் அடியில் இரு பக்கமும் 5.5 செ.மீ-ல் விரல் நுனியால் தாங்கினால் விமானம் கிடையாக, மூக்கு இம்மியளவு தாழ்ந்து நிற்க வேண்டும். வால் கனத்தால் பேட்டரியை முன்னே நகர்த்துங்கள். அது போதாவிட்டால் மட்டும் மூக்கில் எடை சேருங்கள். மூக்கு கனத்த விமானம் சோம்பேறியாகப் பறக்கும், ஆனால் பறக்கும். வால் கனத்தது முதல் பத்து விநாடியிலேயே உடையும்.

அடுத்தது முறுக்கு. பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். இரு பக்கப் பின்விளிம்புகளும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். ஒரு பக்கம் 3 மி.மீ இறங்கியிருந்தாலும் விமானம் எதிர்ப்பக்கம் சாயும். நான்கு சேனலில் இதை எய்லரான் ட்ரிம்மால் மறைத்துவிடலாம். அந்த வசதியே ஒரு கண்ணி: வேகத்தில் நேராகப் பறக்கும், தரையிறங்க வேகம் குறைந்ததும் முறுக்கிய பக்கம் தலைகாட்டும். மூன்று சேனலில் மறைக்க வழியில்லை. கையால் எறிந்த முதல் சறுக்கிலேயே தெரிந்துவிடும், இறக்கையைத் திருத்தித்தான் ஆக வேண்டும். பழகுகிறவருக்கு இது நன்மை.

அந்தச் சறுக்கல் சோதனையை எப்போதும் மோட்டார் ஓடாமல், பேட்டரியோடு, காற்று அசையாத காலையில் செய்யுங்கள். அறுவடை முடிந்த வயலோ புல்தரையோ வேண்டும். தோள் உயரத்தில் பிடித்து, எதிரே தூரத்தில் தரையில் ஒரு புள்ளியைப் பார்த்து, ஈட்டிபோல நேராக விடுங்கள், மேல்நோக்கி எறியாதீர்கள். 10 மீட்டர் அளவுக்கு மெல்ல இறங்கிச் சென்றால் சரி. ஏறி, நின்று, மூக்கு குத்தினால் வால் கனம் அல்லது எலிவேட்டர் மேலே தூக்கியிருக்கிறது. நேராகத் தரையை நோக்கிப் பாய்ந்தால் மூக்கு கனம் அல்லது எறிந்த வேகம் போதவில்லை. ஈர்ப்பு மையம் சரி என்று ஏற்கெனவே பார்த்துவிட்டதால் எலிவேட்டரை ஒரு மி.மீ அளவில் மட்டும் மாற்றி மீண்டும் எறியுங்கள்.

இங்கேதான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். சறுக்கல் சரியாக இருக்கிறது, மோட்டாரை முடுக்கினால் விமானம் வானத்தை நோக்கி எழும்பி நிற்கிறது. உடனே எலிவேட்டர் ட்ரிம்மைக் கீழே தட்டுகிறார்கள். மோட்டாரை அணைத்ததும் மூக்கு குத்துகிறது. சறுக்கலுக்கு எலிவேட்டர், முடுக்கத்துக்கு மோட்டார் கோணம்: இரண்டையும் கலக்கக் கூடாது. மோட்டார் ஓடும்போது மட்டும் ஏறினால் மோட்டாரின் முகத்தைக் கீழ்நோக்கிச் சாய்க்க வேண்டும். முடுக்கும்போது மட்டும் இடப்பக்கம் இழுத்தால் வலப்பக்கம் 2 டிகிரி. திருகுகளுக்கு இடையே 25 மி.மீ தூரம் இருந்தால் மேல் திருகுகளின் பின்னால் ஒரு மி.மீ வாஷர் 2 டிகிரிக்குச் சற்று மேல் தரும். தட்டையான அடிப்பக்கமும் பெரிய டைஹெட்ரலும் கொண்ட மூன்று சேனல் விமானம் முடுக்கினாலே ஏறப் பார்க்கும். அதற்கு 4 டிகிரி வரை கீழ்ச்சாய்வு தேவைப்படலாம். எய்லரான் வகைக்கு 2 அல்லது 3 போதும்.

நான்கு சேனலுக்கு மட்டும் இன்னொரு வேலை உண்டு. கீழே இறங்கும் எய்லரான் காற்றை அதிகம் தடுத்து மூக்கை எதிர்த்திசைக்கு இழுக்கும். வேகம் குறைவாக இருக்கும்போது, வலம் கேட்டால் மூக்கு இடம் போகும். அதனால் மடல் மேலே 12 மி.மீ, கீழே 8 மி.மீ மட்டும் அசையட்டும். மடலின் கொம்பு (சர்வோ கம்பியைக் கோக்கும் சிறு துண்டு) அடிப்பக்கத்தில் இருந்தால், சர்வோ கையை நடுநிலையில் முன்விளிம்பை நோக்கி 30 முதல் 35 டிகிரி சாய்த்துப் பொருத்துங்கள். இந்த வேறுபாடு தானாகவே வந்துவிடும்.

மூன்று சேனலில் ரடருக்குப் பக்கத்துக்கு 25 டிகிரி, எலிவேட்டருக்கு 12 முதல் 15 டிகிரி அசைவு வையுங்கள். ரடர் சர்வோவை ரிசீவரின் முதல் சேனலில், அதாவது எய்லரானுக்கான வலது குச்சியில் சொருகுங்கள். இதைத் தவறவிட்டு இடது குச்சியில் ரடரைப் பழகுகிறவர்கள் நான்கு சேனலுக்கு மாறும்போது எல்லாவற்றையும் புதிதாகக் கற்க நேரும். எலிவேட்டருக்கு 30 சதவீத எக்ஸ்போ (குச்சியின் நடுப்பகுதியில் அசைவை மென்மையாக்கும் அமைப்பு) வையுங்கள். ஃப்ளைஸ்கை ஐ6 போன்ற ரிமோட்டின் திரையில் வரும் கோடு நடுவில் படுத்தும் முனைகளில் நிமிர்ந்தும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

காற்றில்

எறிவதற்கு முன் பின்னால் நின்று பாருங்கள்: குச்சியை வலப்பக்கம் தள்ளினால் ரடர் வலப்பக்கம் போக வேண்டும், வலது எய்லரான் எழும்ப வேண்டும். குச்சியை உங்கள் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் எழும்ப வேண்டும். முதல் விமானங்களில் பாதி உடைவதைத் தடுக்க இந்த அரை நிமிடம் போதும் என்றே நம்புகிறோம். பிறகு காற்றுக்கு எதிராக, முக்கால் முடுக்கத்தில், கிடையாக விடுங்கள். இரண்டு பனை உயரம் போகும்வரை ட்ரிம் பொத்தானில் கை வைக்க வேண்டாம்.

மூன்று சேனல் விமானம் உத்தரவைக் கேட்டுச் சற்றுத் தாமதித்தே சாயும். புதியவர் பொறுமையிழந்து குச்சியை மேலும் தள்ளுவார், அதே நிலையில் பிடித்துக்கொண்டிருப்பார். சாய்வு கூடிக்கொண்டே போய் விமானம் சுழன்றபடி கீழே பாயும். பயத்தில் எலிவேட்டரை இழுத்தால் சுழல் இன்னும் இறுகும். சரியான வரிசை: முடுக்கத்தை அணை, ரடரை விடு, இறக்கை நிமிரும்வரை காத்திரு, பிறகு மெல்ல இழு. உயரம் இருந்தால் டைஹெட்ரல் தானே நிமிர்த்திக்கொடுக்கும். தனியாகப் பழகுகிறவருக்கு மூன்று சேனலைச் சொல்வதற்குக் காரணமே இதுதான்: குழம்பினால் கையை எடுத்துவிடலாம்.

நான்கு சேனலில் கையை எடுத்தால் சாய்ந்த விமானம் பெரும்பாலும் சாய்ந்தபடியே போகும். எதிர் எய்லரான் கொடுத்து நிமிர்த்த வேண்டும். அதுவும் விமானம் உங்களை நோக்கி வரும்போது வலம் இடம் மாறித் தோன்றும். தாழ்ந்திருக்கும் இறக்கையின் பக்கம் குச்சியைத் தள்ளு என்று மனதில் வைத்தால் தப்பலாம். இதற்கு ஈடாக, நான்கு சேனல் விமானம் சொன்ன கணத்தில் சாயும், நினைத்த இடத்தில் நிற்கும். பக்கக்காற்றில் தரையிறங்கவும் எய்லரானே மேல். பெரிய டைஹெட்ரலை ஒவ்வொரு காற்றலையும் பக்கவாட்டில் தூக்கிப் புரட்டும். மணிக்கு 12, 15 கி.மீ காற்றுக்கு மேல் மூன்று சேனலை எடுக்க வேண்டாம். நம் ஊரில் இதற்குப் பொருள், ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் கோவை, பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் மூன்று சேனலைப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். கடலோரத்தில் காலையோடு முடித்துக்கொள்ள வேண்டும். சம்பா அறுவடை முடிந்த தை, மாசிக் காலையில் டெல்டா வயல்களில் இரண்டு வகையுமே சுகமாகப் பறக்கும்.

போதிய உயரத்தில் ஒரு கடைசிச் சோதனை. முடுக்கத்தை அணைத்து, 30 டிகிரி கீழ்நோக்கிப் பாயவிட்டுக் குச்சியை விடுங்கள். மெல்லத் தானே மூக்கைத் தூக்கினால் பழகுவதற்கு ஏற்றபடி இருக்கிறது. சட்டென்று எழும்பினால் மூக்கு கனம், பேட்டரியை 5 மி.மீ பின்னே. இன்னும் குத்தலாகப் போனால் வால் கனம். உடனே இழுத்து நிமிர்த்தி, இறக்கிவிட்டுத் திருத்துங்கள். இறங்கியதும் ட்ரிம் பொத்தான்கள் போயிருக்கும் அளவை, சர்வோவையும் மடலையும் இணைக்கும் கம்பியின் நீளத்தில் மாற்றி, பொத்தான்களை நடுவுக்குக் கொண்டுவாருங்கள்.

கைரோ ஸ்டெபிலைசர் (சாய்வை உணர்ந்து தானே திருத்தும் கருவி) வாங்கினால் இந்தத் தலைவலி எதுவும் இல்லையே என்று கேட்பவர்கள் உண்டு. நான்கு சேனலுக்கு அது உதவும், ட்ரிம் முடித்த பிறகு. அதற்கு முன் மாட்டினால் முறுக்கையும் தவறான மோட்டார் கோணத்தையும் மறைத்துவிடும். திசை தலைகீழாக இருந்தால் எறிந்த கணமே கவிழும். வலது இறக்கையைக் கையால் தாழ்த்தும்போது வலது எய்லரான் கீழே இறங்க வேண்டும். மூன்று சேனலுக்குத் தேவையே இல்லை.

சிமுலேட்டர் இரண்டுக்கும் வேண்டும். பிகாசிம் இலவசம், ரிமோட்டைக் கணினியோடு இணைக்கும் யூ.எஸ்.பி கம்பியும் விலை குறைவு. எதிரே வரும் விமானத்தைத் திருப்புவதை மட்டும் திரும்பத் திரும்பப் பழகுங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை, 2021 ட்ரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் (முன் அனுமதி தேவைப்படாத வான்பகுதியில்) 120 மீட்டர் உயரம் வரை பறக்கலாம். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ தூரத்துக்குள் என்றால் 60 மீட்டர்தான். அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

உண்மையில் இரண்டில் ஒன்றைத்தான் கட்ட வேண்டும் என்பதில்லை. இறக்கையை ரப்பர் பேண்டால் கட்டும் உடல் என்றால் ஒரே உடலுக்கு இரண்டு இறக்கை செய்யலாம். முதலில் 6 டிகிரி இறக்கை. எட்டுப் போடவும், நின்ற இடத்துக்கு நேராகத் தரையிறக்கவும் வந்த பிறகு 2 டிகிரி எய்லரான் இறக்கை. மாற்றும்போது ரடரை நான்காம் சேனலுக்கு நகர்த்தி, அதன் அசைவை 15 டிகிரிக்குக் குறையுங்கள். இறக்கையில் இரண்டு சர்வோவின் எடை கூடியிருப்பதால் ஈர்ப்பு மையத்தை மீண்டும் பாருங்கள். வாஷர்களில் ஒன்றைக் கழற்ற வேண்டிவரலாம். அதைப் பழையபடி கையால் எறிந்து, பிறகு முடுக்கிப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.