தாந்தேயின் சாத்தானா, மில்டனின் சாத்தானா?

இலக்கியத்தில் சிறந்த சாத்தான் யார் என்று கேட்டால் பெரும்பாலோர் மில்டனைத்தான் சொல்வார்கள். நானும் அந்தக் கட்சிதான். ஆனால் வழக்கமாகச் சொல்லும் காரணத்துக்காக அல்ல.

முதலில் தாந்தே, 'டிவைன் காமெடி' எழுதிய இத்தாலியக் கவிஞர். அந்தக் காவியத்தில் வரும் நரகத்தின் அடித்தட்டில் நெருப்பே கிடையாது. உறைந்த ஏரி ஒன்றில் மார்பளவு புதைந்து நிற்கிறான் சாத்தான். தலை ஒன்று, முகம் மூன்று. ஒரு வாயில் இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ், மற்ற இரண்டில் சீசரைக் கொன்ற புரூட்டஸும் காசியஸும், மென்றுகொண்டே இருக்கிறான். ஆறு கண்களிலும் கண்ணீர். வௌவால் சிறகு போன்ற ஆறு சிறகுகளை அவன் அடிக்கும் காற்றில்தான் அந்த ஏரியே உறைகிறது. தன்னைச் சிறைவைத்த பனியைத் தானே உண்டாக்கிக்கொண்டிருக்கிறான்! கடைசியில் தாந்தேயும் அவருக்கு வழிகாட்டியாக வரும் ரோமானியக் கவி வர்ஜிலும் அவன் உடம்பு ரோமத்தைப் பிடித்துத்தான் இறங்கி வெளியேறுகிறார்கள். அவன் ஒரு வார்த்தை பேசுவதில்லை. தீமை எவ்வளவு வெறுமையானது என்பதை இதைவிடக் கச்சிதமாகக் காட்ட முடியாது. ஆனால் இவனிடம் யாரும் மயங்க மாட்டார்கள்.

ஆங்கிலக் கவிஞர் மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்' (1667) காவியத்தில், கடவுளை எதிர்த்துத் தோற்று நரகத்தில் விழுந்த சாத்தான் மயக்குவான். 'சொர்க்கத்தில் ஊழியம் செய்வதைவிட நரகத்தை ஆள்வதே மேல்' என்கிறான். மில்டன் தன்னை அறியாமலேயே சாத்தானின் கட்சி என்று பின்னாளில் ஆங்கிலக் கவிஞர் வில்லியம் பிளேக் எழுதியதும் இந்தக் கவர்ச்சியால்தான். சிக்கல் என்னவென்றால், முதல் இரண்டு காண்டங்களைப் படித்துவிட்டு அவனை வீரனாக்கிவிடுகிறோம். நான்காம் காண்டத்துக்கு வாருங்கள். கேட்க ஆளில்லாத மலையுச்சியில், சூரியனைப் பார்த்து உண்மையைக் கொட்டுகிறான்: கடவுள் தனக்குக் கெடுதல் செய்யவில்லை, நன்றிக்கடன்தான் பாரமாக இருந்தது, மனம் திருந்தலாம், ஆனால் தன்னை நம்பி வந்தவர்கள் முன் தலைகுனிய வேண்டுமே. 'எங்கே போனாலும் நரகம், நானே நரகம்' என்கிறான். அவன் பெரிய படைப்பாவது இங்கேதான். அப்புறம் வீழ்ச்சிதான்: ஏவாளின் காதருகே தேரையாகக் குந்துகிறான். பத்தாம் காண்டத்தில் மனிதரை ஏமாற்றி வீழ்த்திய வெற்றியைத் தன் கூட்டத்திடம் சொல்லிக் கைதட்டலுக்குக் காத்திருக்கும்போது சபை முழுக்கப் பாம்புச் சீறல். அவனும் பாம்பாகி விழுகிறான்.

ஜெர்மன் கவிஞர் கத்தேயின் மெஃபிஸ்டோஃபிலிஸ் என்ற சாத்தானையும் விட முடியாது. சாத்தானோடு ஒப்பந்தம் போடும் அறிஞனைப் பற்றிய அவருடைய 'ஃபௌஸ்ட்' நாடகத்தின் முதல் பாகம் 1808-இல் வந்தது. நாயாக உள்ளே நுழைந்து, பயண மாணவன் வேடத்தில் எழுந்து நிற்கிறான். வாசலில் வரைந்த ஐங்கோண நட்சத்திரத்தைத் தாண்ட முடியாமல், எலியை விட்டு அதைக் கடிக்கச் சொல்கிறான். சினிமாவில் ஒப்பந்தத்தோடு வரும் நாசூக்கான சாத்தான்கள் பெரும்பாலும் இவன் வம்சம். பேச்சு பிரமாதம், உள்ளே வலி மட்டும் குறைவு. கத்தேக்கு இரு நூற்றாண்டு முன்பே இதே கதையை நாடகமாக்கிய ஆங்கில நாடகாசிரியர் மார்லோவின் மெஃபிஸ்டோ, 'நான் நரகத்தை விட்டு வெளியே வரவே இல்லை, இதுதான் நரகம்' என்று சொல்லிவிட்டான். அந்த ஒரு வரியில் இருக்கும் கனம் கத்தேயின் சாத்தானிடம் இல்லை.

முழுக் காவியத்துக்கும் நேரமில்லை என்றால் மில்டனின் நான்காம் காண்டத்தில் முதல் நூற்றுச் சொச்சம் வரிகளையாவது படியுங்கள். கூடவே தாந்தே நரகத்தின் கடைசிக் காண்டம். இரண்டையும் ஒரே மாலையில் முடித்துவிடலாம்.